நெல்லாக நின்ற புல்

எங்கள் யாவ்ஜியாபாங் ஊரில் ஒரு புல் இருந்தது. ஆள் வரும் சத்தம் கேட்டால் அது நெல்லாக மாறிவிடும். ஆளின் நிழல் தாண்டிப் போனதும் மறுபடி புல்லாகி ஒரு கொட்டாவி விடும். இதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். முப்பத்துநாலு வருஷம் அந்த ஊர் வாய்க்காலில் பம்ப்பு ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். தண்ணீரை வேண்டுமானால் தேவைக்கு மேல் விட்டிருப்பேன், வார்த்தையை விட்டதில்லை.

சரி, கொட்டாவி மட்டும் நான் சேர்த்தது. மற்றதெல்லாம் நடந்ததுதான்.

ஏமாந்தவள் யார் என்று தெரிந்தால்தான் அந்தப் புல்லின் கெட்டிக்காரத்தனம் புரியும். அவள் பெயர் சுய்ஜூ. தாகென் மனைவி. சீனத்துத் தாய்ஹூ ஏரிக்குக் கிழக்கே அவளைப் போலக் களையெடுக்க ஆள் கிடையாது. கைகளுக்கு மூங்கில் பின்னல் உறை மாட்டி, இடுப்பில் வைக்கோல் கற்றையைச் செருகி, சேற்றில் முட்டி போட்டு அவள் ஒரு வயலுக்குள் நுழைந்தால், தாங்கள் பச்சையாக இருப்பது தப்போ என்று தவளைகளே யோசித்து வரப்பேறிவிடும். ஊர் நிலமெல்லாம் பொதுவாக இருந்த கூட்டுவேலைக் காலத்தில் ஊரே பார்க்க அவளுக்கு ஓர் எனாமல் தாம்பாளம் பரிசு கொடுத்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்குப் பெரியது. அதில் 'களையெடுப்பில் முதலாமவர்' என்று சிவப்பு எழுத்து. அதைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். தெய்வப் படம் அதற்குக் கீழேதான்.

ஊரிலேயே இடதுகைக்காரி அவள் ஒருத்திதான். களையெடுத்துக்கொண்டே போகும்போது, வாத்து மிதித்தோ காற்றடித்தோ சாய்ந்த பயிர் கண்ணில் பட்டால் நிற்பாள். தூரை நிமிர்த்தி, காலில் சேறணைத்து, இடுப்பிலிருந்து ஒரு வைக்கோலை உருவி ஒரு கட்டுப் போடுவாள். மற்றப் பெண்கள் போடும் முடிச்சு வலப்பக்கம் முறுக்கும். சுய்ஜூ போட்டது இடப்பக்கம். அறுவடை சமயத்தில் அதைப் பார்த்தே, "இது சுய்ஜூ தூக்கி விட்ட பயிரு" என்பார்கள்.

இப்படிப்பட்டவளின் வயலில்தான் பியென் டீச்சர் வந்து களை வளர்த்தார்.

மாகாணக் கல்லூரியில் தாவரப் படிப்புச் சொல்லிக்கொடுக்கிற அம்மா அவர். மூங்கில் குச்சிக்குச் சட்டை போட்டதுபோல இருப்பார். தாகெனின் நிலத்தில் ரோட்டோரமாகக் கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, நாலு வருஷமாக நெல்லும் நட்டு, நெல்லுக்கிடையே வேண்டுமென்றே குதிரைவாலிப் புல்லும் நட்டார். அறுபது ஊர்களிலிருந்து சேர்த்த விதை. பாதி வாய்க்கால் கரையிலும் ரோட்டோரத்திலும் தானாக முளைத்ததன் விதை. பாதி வயலுக்குள்ளே நெல்லோடு வளர்ந்ததன் விதை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண் எழுதிய மூங்கில் குச்சி. மே மாதம் வருவார், அறுவடைவரை தாகென் வீட்டுப் பின்னறையில் தங்குவார். காலையில் எங்களோடு ஊறுகாய்ப் பூசணியோடு கஞ்சி குடித்துவிட்டு, அளவுகோலும் நோட்டுமாய் வயலுக்குள் இறங்குவார்.

ரோட்டில் போகிறவர்கள் சும்மா போவார்களா? முதல் ஆள் வாத்துக்காரி ஷியூஜென். இருநூறு வாத்தை ஓட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவாள்.

"சுய்ஜூ அக்கா! இது உங்க வயலா, இல்ல காடா? என் வாத்து ஒண்ணு நேத்து உள்ள போச்சு, இன்னும் வழி கேட்டுக்கிட்டு நிக்குது!"

"அது என் வயலு இல்லடி. டீச்சர் வயலு."

"ரோட்டுல போறவனுக்கு அது தெரியுமா? தாகென் வூட்டு நெலம்னுதான சொல்லுவான்."

சுய்ஜூவுக்கு இது சேற்றுப்புண் மாதிரி. நாலு வருஷமாக எரிந்துகொண்டே இருந்தது. இருந்தாலும் டீச்சரை அவளுக்குப் பிடிக்கும். டீச்சரும் முட்டி போட்டு வேலை செய்கிறவர். எங்கே பழகினீர்கள் என்று கேட்டதற்கு, படித்தவர்களைத் தண்டித்த காலத்தில் என்னைப் பத்து வருஷம் பன்றிப்பண்ணைக்கு அனுப்பி வைத்திருந்தார்கள், அங்கே பழகினேன் என்று சிரித்தார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் மதியம் டீச்சர், சுய்ஜூ, தாகென், நான் என்று நாலு பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். பிளம் பழுக்கும் காலத்து மழை. பெய்கிறதா, அந்தரத்தில் நிற்கிறதா என்று தெரியாத மழை. தூரத்தில் மல்பெரிச் செடிகளெல்லாம் கரைந்து பாதிதான் மிச்சமிருந்தன. டீச்சர் இரண்டு தூரைத் தொட்டுக் காட்டினார்.

"சுய்ஜூ, இதுல எது நெல்லு?"

சுய்ஜூ இலை தண்டோடு சேரும் இடத்தை நகத்தால் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இது நெல்லு. அது புல்லு. நெல்லுக்கு இலையடியில வெள்ளையா சின்ன நாக்கு இருக்கும். புல்லுக்கு நாக்கு கெடையாது."

"உக்காந்து பாக்கறப்ப சொல்லிட்டீங்க. வேலை ஓட்டத்துல?"

"ஓட்டத்துலயும் சொல்லுவேன், தூக்கத்துலயும் சொல்லுவேன்."

தாகென் தொப்பியைக் கழற்றினான். "தூக்கத்துல என் முடியைப் புடுங்குறா டீச்சர், களைன்னு நெனச்சு. பாருங்க, ஒண்ணு பாக்கியில்ல."

டீச்சர் சிரித்துவிட்டு வாய்க்கால் கரையைக் காட்டினார். "அந்தக் கரையில நிக்கிற குதிரைவாலியப் பாருங்க. காலு செவந்து, நாலு பக்கமும் படர்ந்து, ஊரு ராஜா மாதிரி கெடக்குது. அதே புல்லு வயலுக்குள்ள மட்டும் ஏன் பச்சைக் காலோட, நெல்லு மாதிரி ஒடுங்கி நிமிர்ந்து நிக்குது?"

"அடுத்தவன் வூட்டுக்குள்ள பூந்தா அடக்கமாத்தான இருக்கணும்," என்றேன் நான்.

"உங்க கைதான் காரணம், சுய்ஜூ. ஆயிரம் வருஷமா இந்த ஊருப் பொம்பளைங்க கண்ணுக்குத் தெரிஞ்ச புல்லையெல்லாம் புடுங்கிட்டாங்க. கொஞ்சமா நெல்லு சாடையில இருந்தது தப்பிச்சு விதை போட்டுச்சு. அதோட புள்ளைங்கள்ல இன்னும் நல்லா நெல்லு சாடை இருந்தது தப்பிச்சுது. இப்படியே வருஷா வருஷம். புல்லு ஒண்ணும் யோசிக்கல. நீங்கதான் பொறுக்கிப் பொறுக்கி அதுக்கு நெல்லு மாதிரி நிக்கக் கத்துக்கொடுத்திருக்கீங்க."

மழைக்குள் அந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்கு என்னவோ போல ஆனது. வயல் முழுக்க, ஏரி வரைக்கும், அதற்கு அப்பாலும், முட்டி போட்ட பெண்கள் வரிசை வரிசையாக நகர்ந்து வருவதாகத் தோன்றியது. எல்லார் முதுகும் ஒரே மாதிரி. யாருக்கும் முகம் இல்லை. பம்ப்பு நின்றுபோன சத்தம் கேட்டுத்தான் விழித்தேன்.

சுய்ஜூ விழித்தவுடன் சண்டைக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். "அப்ப களைய நான்தான் வளத்தேங்குறீங்க?"

"நீங்க, உங்க மாமியாரு, அவங்க மாமியாரு."

"என் மாமியாரப் பத்தி என்ன வேணாச் சொல்லுங்க, நானும் சேந்துக்கறேன். என் கண்ணப் பத்திச் சொல்லாதீங்க. ஒரு புல்லு சுய்ஜூவ ஏமாத்திச்சுன்னா அது கதை. நான் நம்ப மாட்டேன்."

இது நடந்து பத்து நாளில் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. அவர் நெற்றியில் முட்டையை வைத்தால் அவிந்துவிடும். தாகென் அவரைப் படகில் படுக்க வைத்து மேலே பாய் கட்டினான். மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேர வழி. படகு துறையை விட்டு நகரும்போது டீச்சர் தலையைத் தூக்கி, இருக்கிற சக்தியையெல்லாம் திரட்டிக் கத்தினார்.

"சுய்ஜூ! வயலத் தொடாதீங்க! ஒரு புல்லக்கூடத் தொடாதீங்க! தொடவே தொடாதீங்க!"

கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் உருகிப் போனார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் யாராவது படுத்துவிட்டால், அவர் எழுந்து வருவதற்குள் மற்றவர்கள் போய் அவர் வயலில் களையெடுத்துவிடுவார்கள். கேட்க மாட்டார்கள், செய்த பிறகும் சொல்ல மாட்டார்கள். சொல்லிக்காட்டினால் அசிங்கம். படுத்தவருக்கும் ஒரு மரியாதை உண்டு. "ஐயோ, தொடாதீங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று மூன்று தடவை மறுக்க வேண்டும். இரண்டு தடவையோடு நிறுத்தினால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம்.

"பாத்தீங்களா?" என்று சுய்ஜூ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ்வளவு காய்ச்சல்லயும் மூணு தடவ சொல்லிட்டாங்க. பட்டணத்துக்காரங்கன்னு யாரு சொல்லுவா!"

எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. "சுய்ஜூ, அவங்க அந்தப் புல்ல வெச்சுத்தான் ஏதோ ஆராய்ச்சி..."

"பம்ப்பு அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் புரியாது. படிச்சவங்க, எது களை எது பயிருன்னு தெரியலன்னு வாய் விட்டுச் சொல்ல முடியுமா? ஆராய்ச்சின்னு சொல்லிட்டாங்க. நாலு வருஷமா அந்தத் தாயி யாருகிட்டயும் உதவி கேக்க முடியாமத் தவிச்சிருக்கு."

நான் வாயை மூடிக்கொண்டேன். முப்பத்துநாலு வருஷத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான். மற்றவை எல்லாம் மோட்டாரின் தவறு.

மறுநாள் எட்டுப் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். ஆளுக்கொரு பாத்தி. ரோட்டோரப் பாத்தி சுய்ஜூவுக்கு. அன்று மழை இல்லை. வெயிலும் இல்லை. பால் கலந்த வெளிச்சம். வயல் தண்ணீரில் மேகம் நகர்ந்தது. மேகத்துக்குள்ளே கை விட்டுக் களை பிடுங்குகிற மாதிரி அவர்கள் நகர்ந்தார்கள். களையெடுப்பில் கைதான் முன்னால் போகும், கண் பின்னால் வரும். ஒவ்வொரு தூரையும் பிரித்து நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் வயல் தீராது. ஷியூஜென்னின் வாத்துகள் முந்தின நாள் புகுந்து சில பயிரைச் சாய்த்திருந்தன. சுய்ஜூ அங்கங்கே நின்று தூக்கிக் கட்டினாள். எண் போட்ட குச்சிகளை ஒருத்தியும் தொடவில்லை. டீச்சர் அளவுக்கு வைத்தது, ஆடக் கூடாது என்று அதைச் சுற்றிச் சுற்றிக் கவனமாக எடுத்தார்கள். மதியத்துக்குள் வயல் கழுவிய தட்டு மாதிரி ஆகிவிட்டது. பிடுங்கியதையெல்லாம் கூடையில் அள்ளித் தாகெனின் மீன்குளத்தில் கொட்டினார்கள். புல்மீன்கள் மூன்று நாள் ராத்திரி பகலாகத் தின்றன. குளத்தின் பக்கம் போனால் அவை மெல்லுகிற சத்தம் கேட்கும்.

பன்னிரண்டாம் நாள் டீச்சர் திரும்பி வந்தார். இன்னும் மெலிந்திருந்தார். படகிலிருந்து இறங்கியவரை வயலுக்கு விடாமல் நேரே சாப்பாட்டுக்கு உட்கார வைத்தாள் சுய்ஜூ. பச்சைச் சோயாப்பயறு, உப்புக்கீரை, ஆற்று நத்தை, சூடான அரிசி மது. நடுவில் ஆவியில் வேகவைத்த முழுப் புல்மீன். அந்த மீனுக்கு வீட்டில் எந்தத் தட்டும் போதவில்லை. சுவரிலிருந்த பரிசுத் தாம்பாளத்தை இறக்கி அதில் வைத்திருந்தார்கள். அப்படியும் தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் தொங்கியது. வாலுக்குக் கீழே நான் உட்கார்ந்திருந்ததால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

டீச்சர் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "இப்படி ஒரு ருசி! பத்து நாள் ஆஸ்பத்திரிக் கஞ்சி குடிச்ச நாக்குக்கு... எதப் போட்டு வளக்குறீங்க தாகென்?"

தாகெனுக்கு இரண்டு கிண்ணம் உள்ளே போயிருந்தது. "எல்லாம் உங்க புல்லுதான் டீச்சர்! ஒரே வாரத்துல என்னமாக் கொழுத்துருச்சு!"

சுய்ஜூ மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். செய்ததைச் சொல்லிக்காட்டிவிட்டானே என்றுதான் மிதித்தாள்.

டீச்சரின் கையில் சாப்பிடும் குச்சிகள் அப்படியே நின்றன. "எந்தப் புல்லு?"

எங்கள் ஊர் மரியாதைப்படி இப்போது அவர் வெட்கப்பட்டு, எதற்கு இந்தச் சிரமம் என்று சொல்ல வேண்டும். நாங்களும் அதற்காகப் புன்னகையோடு காத்திருந்தோம். அவர் எழுந்தார். செருப்புகூடப் போடாமல் வயலுக்கு நடந்தார். பின்னாலேயே நாங்கள் ஓடினோம். நெல் ஒரே உயரத்தில், ஒரே பச்சையில், வகிடெடுத்துச் சீவிய தலை மாதிரி நின்றது. நடுநடுவே குச்சிகள் மட்டும் எண்ணோடு நின்றன. எதற்காக நிற்கிறோம் என்று அவற்றுக்கே தெரியவில்லை.

டீச்சர் வரப்பில் உட்கார்ந்தார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஒவ்வொரு குச்சியாகப் பார்த்து அந்தந்த ஊரின் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார், காணாமல் போன பிள்ளைகளைக் கூப்பிடுவது போல. "இந்த மூணு ஊரும் இப்ப இல்ல. அணைக்குள்ள முழுகிருச்சு. அங்க எடுத்த விதை இதுதான் கடைசி." பிறகு, "இந்த வருஷத்தோட எனக்கு ஓய்வு. அறுவடைக்கப்புறம் இந்த நெலத்தையும் விட்டுரணும். இனிமே இன்னொரு நடவுக்கு வழியில்ல," என்றார்.

சுய்ஜூவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, அந்த மூன்று 'தொடாதீங்க'வும் மெய்யான தொடாதீங்க என்று.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று வாரம் பேச்சே இல்லை. கஞ்சி பொங்குகிற சத்தம், சிள்வண்டுச் சத்தம், அவ்வளவுதான். தாம்பாளத்தைத் திரும்பச் சுவரில் மாட்டவில்லை; சுய்ஜூ அதைக் கவிழ்த்துக் கோழிக்கூட்டின் மேல் போட்டாள். டீச்சர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அது அவளை இன்னும் கொன்றது. ஒரு காலையில் அவள் வாய்க்கால் கரையெல்லாம் அலைந்து, கூடை நிறையக் குதிரைவாலியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து டீச்சர் முன்னால் வைத்தாள்.

"நட்டுத் தந்துர்றேன் டீச்சர். எங்கெங்க எத்தன வேணும்னு சொல்லுங்க. ஒரே நாள்ல நட்டுர்றேன்."

டீச்சர் கூடையைப் பார்த்தார். வயலைப் பார்த்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "இதெல்லாம் உங்க ஊருக் கரைப்புல்லு, சுய்ஜூ. அறுபது ஊரு வேணுமே. உக்காருங்க. ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லணும். அன்னைக்கு ஒண்ணு ரெண்டு விட்டிருப்பீங்களா?"

"எதுக்கு?"

"என் காலேஜுல நான் சொல்றத நம்ப மாட்டேங்கறாங்க. கை ஏமாந்துச்சுன்னா எந்தக் கைன்னு கேக்கறாங்க. படிக்கிற பசங்களக் கூட்டிப் போயிக் களையெடுக்க வெச்சேன். பாதி நெல்லப் புடுங்கிப் போட்டுட்டாங்க. உங்களக் கேட்டிருக்கலாம். ஆனா சோதனைன்னு தெரிஞ்சா நீங்க ஒவ்வொண்ணா நாக்கப் பாத்துத்தான் எடுப்பீங்க."

"பாப்பேந்தான்!"

"அதான். இப்ப நீங்க சோதனைன்னு தெரியாம, எப்பவும் எடுக்கற மாதிரி எடுத்திருக்கீங்க. குச்சியும் அசையல. ஏதாவது தப்பிச்சு நின்னா, எந்த ஊருப் புல்லு தப்பிச்சுதுன்னு தெரிஞ்சுரும். நாலு வருஷம் வீணாப் போகலன்னு ஆயிரும். இப்பக் கண்டுபுடிக்க முடியாது. ஆகஸ்டுல கதிரு வந்தா அதுவே தலையக் காட்டும்."

சுய்ஜூ வெகுநேரம் கூடையில் இருந்த புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "விட்டிருக்கேன்னு சொன்னா என் பேரு போச்சு. விடலன்னு சொன்னா உங்க வேலை போச்சு. பொய் சொல்லவும் தெரியல டீச்சர். நான் எடுத்தா எதுவும் நிக்காது."

தாகென் வாசலிலிருந்து, "இருவது வருஷமாக் களை நிக்கக் கூடாதுன்னு சாமிக்கு ஊதுவத்தி வெச்சா. இப்ப நிக்கணும்னு வெக்கிறா. சாமி பாவம், தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்குது," என்றான். யாரும் சிரிக்கவில்லை என்று அவனே சிரித்தான்.

உண்மைதான். தினமும் இரண்டு வேளை அவள் அந்த வரப்பில் நின்றாள். கண்ணுக்கு மேல் கை வைத்து, ஏரியில் போன படகைத் தேடுகிற மாதிரி அந்தக் கால் ஏக்கரைத் தேடினாள். சாப்பாடு இறங்கவில்லை. மற்றவர்கள் வயலுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. "கை மேல நம்பிக்க போயிருச்சு அண்ணே," என்றாள் என்னிடம். "நல்லா எடுத்தேன்னு சந்தோசப்படறதா, மோசமா எடுத்தேன்னு வேண்டிக்கறதா? ரெண்டும் ஒரே கையில இருந்தா எப்படி அண்ணே தூங்கறது?"

ஆகஸ்டு மூன்றாம் தேதி முதல் தலை வந்தது. முதலில் பார்த்தவன் நான். பம்ப்புக் கொட்டகைக் கூரையில் ஓடு மாற்ற ஏறியவன், நெல்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மங்கலான ஊதாவில் ஒரு கதிர் ஆடுவதைப் பார்த்துக் கீழே விழுந்தேன். இறங்கினேன் என்றும் சொல்லலாம். மறுநாள் ஆறு. அதற்கு மறுநாள் பதினேழு. நெல் இன்னும் தூங்கிக்கொண்டிருக்க, அதன் நடுவிலிருந்து திருடர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். மொத்தம் நாற்பது. கடைத்தெருவில் சொல்லும்போது நான் நானூறு என்பேன், எழுதுவதால் நாற்பது.

டீச்சர் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதினார். கரையோரத்து விதையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாற்பதும் வயலுக்குள் பிறந்த புல்லின் விதை. மூழ்கிப்போன மூன்று ஊரில் ஒரு ஊரின் புல் இருந்தது. மற்ற இரண்டும் மீனோடு போனது போனதுதான்.

ஊரே வரப்பில் கூடியது. யார் பாத்தியில் எத்தனை என்று எண்ணினார்கள். ஷியூஜென் பாத்தியில் ஒன்பது. அடுத்தவளுடையதில் ஏழு. சுய்ஜூ பாத்தியில் ஒன்றும் இல்லை. ரோட்டோரம் முழுக்கத் துடைத்த மாதிரி நெல்லு மட்டும்.

"ஒத்துக்கிட்டேன் அக்கா," என்று ஷியூஜென் கும்பிட்டாள். "உங்க பாத்தியில புல்லு என்ன, புல்லோட நெனப்புகூட இல்ல."

சுய்ஜூ சிரித்தாள். பெயர் நிலைத்துவிட்டது, டீச்சருக்கும் நாற்பது கிடைத்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் டீச்சர் நோட்டை மூடியபோது அவள் கேட்டாள்: "நாப்பது போதுமா டீச்சர்?"

"எனக்குப் போதும். காலேஜுல உக்காந்திருக்கறவங்க, கவனமில்லாத ஆளுங்க விட்டது இதும்பாங்க. புல்லு ஏமாத்தல, ஆளு சரியாப் பாக்கலம்பாங்க. உங்க பாத்தியில ஒண்ணே ஒண்ணு நின்னிருந்தா ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது. பரவால்ல விடுங்க."

"இருந்திருந்தா நானே எடுத்துத் தந்திருப்பேனே. இல்ல டீச்சர். என் கையில அது நடக்காது."

"தெரியும்," என்றார் டீச்சர்.

ஐந்து நாள் கழிந்தது. நல்ல மதியம். ஊர் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துக் கிடந்தது. அந்த நேரத்துச் சூட்டில் வயலின் மேலே காற்று தண்ணீர் மாதிரி நெளியும்; தூரத்து ஆள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் மிதப்பார். பம்ப்பு தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலோரம் அரைத்தூக்கத்தில் இருந்தேன். அப்படி மிதந்துகொண்டு சுய்ஜூ வருவதைப் பார்த்தேன். கனவென்றே நினைத்தேன். மூங்கில் உறை மாட்டியிருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் பாத்தியில் இறங்கினாள்.

தூர் தூராக விலக்கிக்கொண்டு போனாள். பாதி தூரத்தில் நின்றாள்.

வாத்து மிதித்துச் சாய்ந்த இடம் அது. சாய்ந்து எழுந்ததால் அதற்குக் கதிர் வரத் தாமதமாகிவிட்டது போலிருக்கிறது. அன்றைக்குத்தான் மடலைப் பிளந்து ஊதாத் தலை எட்டிப் பார்த்தது. நெல்லின் உயரம், நெல்லின் பச்சை, நெல்லின் நிமிர்வு. கூரை ஏறிப் பார்த்தாலும் தெரியாத அளவுக்கு நெல். அதன் இடுப்பில் ஒரு வைக்கோல் கட்டு. நான் இருந்த இடத்திலிருந்து முடிச்சு தெரியாதுதான். ஆனால் அவள் அதைத் தொட்டுப் பார்த்த விதம் தெரிந்தது. தன் சட்டையை அடுத்த வீட்டுக் கொடியில் பார்த்தவள் மாதிரி தொட்டாள்.

அந்த வயலிலேயே அவள் கைக்கு மிக அருமையாக இருந்திருக்கிறது அது. விழுந்து கிடந்ததை எடுத்து நிமிர்த்தி, சேறணைத்து, கட்டும் போட்டுவிட்டு அடுத்த புல்லைப் பிடுங்கப் போயிருக்கிறாள்.

அவளுடைய இடது கை தூரின் அடியைப் பற்றியது. ஒரு திருகு போதும். மீன்குளம் பத்து அடியில் இருந்தது. ஊர் தூங்கியது. நான் ஜன்னலில் இருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு மூச்சு நின்றது. பம்ப்பும் ஒரு நிமிஷம் ஓடாமல் நின்றது என்று நான் சொல்வதுண்டு.

கை பற்றியபடியே இருந்தது. ஒரு வாத்து எங்கோ கத்தியது. அவள் மெதுவாக இலையைத் தண்டிலிருந்து விலக்கி, கண்ணுக்கு அருகே கொண்டு போய்ப் பார்த்தாள். நாக்கு இல்லை. கையை எடுத்தாள். வீட்டுப் பக்கம் திரும்பி, தூங்குகிற ஊரையே எழுப்புகிற குரலில் கூப்பிட்டாள்.

"டீச்சர்! டீச்சர்! நோட்ட எடுத்துக்கிட்டு வாங்க!"

டீச்சர் ஓடி வந்தார். பின்னால் தாகென், ஷியூஜென், நான், நாலைந்து வாத்து. யாரையும் அவள் பார்க்கவில்லை. அந்த முடிச்சை விரலால் தூக்கிக் காட்டினாள். இடப்பக்கம் முறுக்கியிருந்தது.

ஷியூஜென் குனிந்து அந்த முடிச்சைத் தானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

டீச்சர் சேற்றில் முட்டி போட்டு அந்தப் புல்லைப் பார்த்தார். பிறகு சுய்ஜூவைப் பார்த்தார். நோட்டைத் திறந்தும் எழுதாமல் இருந்தார். "காத்துல விதை பறந்து பின்னால மொளச்சதுன்னு சொல்லிக்கலாம்," என்று மெல்லச் சொன்னார். "நீங்க சரின்னா அப்படியே விட்டுர்றேன்."

"பின்னால மொளச்சதுக்கு முன்னாலயே முடிச்சுப் போட்டிருப்பேனா டீச்சர்?" சுய்ஜூ உறையைக் கழற்றி வரப்பில் வைத்தாள். "நெல்லுன்னு நெனச்சுத்தான் தூக்கிக் கட்டினேன். என்னை ஏமாத்திருச்சு. எழுதிக்குங்க, என் பேரோட."